கல்லில் இல்லாத ஆட்டம்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் வீதியோரம் இரண்டாம் உலகப் போர் மயானம் ஒன்று உண்டு. கல்லில் பெயர், பதவி, இறந்த நாள் இருக்கும். போருக்கு முன் அங்கே உறங்குபவர் எந்த மைதானத்தில் ஆடினார் என்பது இராது.

பெயர் பெற்ற ஆட்டக்காரர்களை உலகம் மறப்பதில்லை. 1934இல் சேப்பாக்கம் டெஸ்ட்டில் 11 விக்கெட் எடுத்த இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஹெட்லி வெரிட்டி, 1943 ஜூலை 31 அன்று இத்தாலியில், போர்க்கைதியாக, குண்டுக் காயத்தால் இறந்தார். அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பாலில் ஆடியவர்களுள் அப்போர்க்களங்களில் பலியானோர் இருவர். கீழ்நிலை அணிகளில் ஆடியவர்களோ நூற்றுக்கும் மேல். அடுத்த படியேறக் காத்திருந்த பையன்கள்.

அந்தப் போர் இந்தக் கரைக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. நிலாவெளி பஸ்ஸில் போகிறவர்கள் ஒருமுறை இறங்கி, அந்த மயானத்துக் கற்களில் வயதைத் தேடிப் படிக்கட்டும்.