கைதாகச் சம்மதித்தல்

வங்கிக் கணக்கைத் திருடர்களிடமிருந்து காப்பது பற்றி நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் ஜாக்கிரதையைப் பற்றியது. ஜாக்கிரதை ஒரு நற்குணம் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பிரச்னை அந்தத் தளத்தில் இல்லை என்று படுகிறது. நம்மிடமிருந்து களவு போவது பணம். களவுக்குக் கருவியாவது நம் கீழ்ப்படிதல். முன்னதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பின்னதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் திருடனைத் தவிர வேறு பலரையும் பற்றிப் பேச வேண்டி வரும். அதனாலேயே தவிர்க்கிறோம் போலும்.

தகவல்கள் எளிமையானவை. ஓடிபி எண்ணை எந்த வங்கியும் போனில் கேட்காது. யூபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணை அழுத்தினால் பணம் போகும், வராது. வங்கிகள் தங்கள் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் இறுதியைக் கெடுவாக வைத்தது. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொன்னால், அது கணக்கு விட்டுக் கணக்கு தாவி மறைவதற்குள் வழியில் நிறுத்த ஒரு வாய்ப்பு உண்டு. இவ்வளவையும் கற்றுக்கொள்ளப் பத்து நிமிஷம் போதும். கற்றவர்களும் ஏமாறுகிறார்கள். டாக்டர்கள், பேராசிரியர்கள், வங்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஆக, குறைவாக இருப்பது தகவல் அல்ல.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற பெயரில் நடப்பதை எடுத்துக்கொள்வோம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, அல்லது உங்கள் ஆதார் எண்ணில் திறந்த கணக்கில் கறுப்புப்பணம் புழங்கியிருக்கிறது என்று ஒரு குரல் சொல்கிறது. பிறகு வீடியோவில் ஒரு சீருடை, ஒரு மேஜை, பின்சுவரில் இலாகாவின் சின்னம். நீங்கள் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள், அறையை விட்டுப் போகக்கூடாது, போனை அணைக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது. உங்கள் பணம் குற்றத்தில் சம்பந்தப்பட்டதா என்று சரிபார்க்க அதை இன்ன கணக்குக்கு மாற்ற வேண்டும். சரிபார்த்ததும் திரும்பி வந்துவிடும். சட்டத்தில் இப்படியொரு கைது கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலியில் சொன்னார். அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. 2025 அக்டோபரில், ஹரியானாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதிக்கு நேர்ந்ததை ஒட்டி உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அவர்களிடம் காட்டப்பட்டவை உச்சநீதிமன்றத்தின் பெயரிலேயே தயாரான பொய் உத்தரவுகள். டிசம்பர் 1 அன்று இவ்வகை மோசடிகளை விசாரிக்கும்படி ஸி.பி.ஐ.க்குக் கோர்ட் உத்தரவிட்டது. அந்த ஸி.பி.ஐ.யின் பெயரைச் சொல்லித்தான் பலர் ஏமாற்றப்பட்டிருந்தார்கள்.

கைது என்றால் என்ன? சட்டம் இதைச் சொல்லியிருக்கிறது. 1973-ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-வது பிரிவும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சன்ஹிதாவின் 43-வது பிரிவும் ஒன்றையே கூறுகின்றன: கைது செய்பவர் கைதாகிறவரின் உடலைத் தொடவோ அடைத்துவைக்கவோ வேண்டும், ஆனால் கைதாகிறவர் சொல்லாலோ செயலாலோ தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டால் அது வேண்டியதில்லை. இந்தப் பின்பாதியை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். அதிகாரம் இரண்டு வழிகளில் இயங்குகிறது. ஒன்று, அதன் கையால். மற்றது, நம் சம்மதத்தால். திருடனுக்குக் கை இல்லை. அவன் கம்போடியாவிலோ மியான்மாரிலோ ஒரு கட்டடத்துக்குள் இருக்கலாம்; வேலை என்று ஏமாற்றிக் கடத்திவரப்பட்டு, தானே அங்கு அடைபட்டவனாகவும் இருக்கலாம். அவனிடம் இருப்பது சட்டத்தின் பின்பாதி மட்டுமே.

காஃப்காவின் 'விசாரணை' 1925-இல் வெளிவந்தது. அதில் யோசஃப் கே. தன் முப்பதாவது பிறந்தநாள் காலையில் கைது செய்யப்படுகிறான். ஆனால் யாரும் அவனை இழுத்துப் போவதில்லை. வழக்கம்போல் வேலைக்குப் போகலாம் என்கிறார்கள். அவன் வேலை பார்ப்பது வங்கியில். இதை ஒரு குறியீடாக, மனித ஸ்திதியின் படிமமாக நாம் வாசித்து வந்திருக்கிறோம். இன்று அது ஒரு செய்முறைக் குறிப்பு மாதிரி இருக்கிறது. குற்றம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கைதானவன் தானே தன் குற்றத்தைத் தேடத் தொடங்கிவிடுவான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பகல் முழுவதும் இப்படிக் 'கைதில்' இருந்தார். வீடியோவில் அதிகாரி தெரிந்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். உட்காரச் சொல்லும் வரை உட்காரவில்லை. சேமிப்பில் பெரும்பகுதி இரண்டு தவணையாகப் போனது. மூன்றாவதுக்குள் அவர் மனைவி கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். "யாருங்க அது?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது உத்தரவு. அந்த அம்மாள் போனை வாங்கி, "நீங்க எந்த ஸ்டேஷன்? அட்ரஸ் சொல்லுங்க, நாங்க நேர்லயே வந்துடறோம்" என்றார். இணைப்பு அறுந்தது. பிறகு நான் அவரிடம், இடையில் சந்தேகமே வரவில்லையா என்று கேட்டேன். "வந்துது. ஆனா பேசிட்டிருக்கும்போதே போனை வைக்கிறது மரியாதை இல்லையேன்னு இருந்துது" என்றார்.

சந்தேகம் வந்திருக்கிறது. எனவே அறிவு தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த அறிவைச் செயலாக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாள் அவரைவிட அதிகம் படித்தவரல்ல. ஆனால் எந்த அதிகாரிக்கும் முன்னால் கைகட்டி நின்று சம்பளம் வாங்கியவரல்ல.

1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனைகள் பிரசித்தமானவை. இன்னொரு மனிதனுக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது நாற்பது பேரில் இருபத்தாறு பேர் கடைசி அளவு வரை போனார்கள். (அதிர்ச்சி உண்மையானதல்ல, அது அவர்களுக்குத் தெரியாது.) அதிகம் பேசப்படாதது இன்னொரு பரிசோதனை: உத்தரவிடுபவர் அறையை விட்டுப் போய் டெலிபோனில் சொன்னபோது கடைசி வரை கீழ்ப்படிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். சிலர் அதிர்ச்சியைக் கூட்டிவிட்டதாகப் போனில் பொய் சொல்லிவிட்டுக் குறைந்த அளவிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அங்கே தூரம் மனிதனை விடுவித்தது. இங்கே தூரத்திலிருந்து வரும் குரலே போதுமாயிருக்கிறது. காரணம், அங்கே துன்பப்படுபவன் வேறொருவன். இங்கே பயப்படுபவன் தனக்காகப் பயப்படுகிறான். ஆனால் இன்னொன்றும் உண்டு. எதிரே ஆள் இல்லாத அதிகாரத்துக்கு நாம் பழகிப் போயிருக்கிறோம்.

இதை நம் வேலையாகிய மொழியில் வைத்தே பார்க்கலாம். "தங்கள் கணக்கு இன்றுடன் முடக்கப்படும். உடனடியாக விவரங்களைப் புதுப்பிக்கவும்." இது திருடன் அனுப்பியதா, வங்கி அனுப்பியதா? வாக்கியத்தைக் கொண்டு சொல்ல முடியாது. முடக்கப்படும் என்றால் முடக்குவது யார்? செயப்பாட்டு வினையில் எழுவாய் ஒளிந்துகொண்டிருக்கிறது. புதுப்பிக்கவும் என்பது ஏவலா, வேண்டுகோளா? எதற்கு அவசரம்? கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. போலி அசலைத் திறமையாகக் காப்பியடித்துவிட்டது என்கிறார்கள். காப்பியடிக்கத் திறமை வேண்டியதில்லை. அசலிலேயே மனிதக் குரல் இல்லாதபோது யாரும் அதைப் பேசிவிடலாம். ஸ்தாபனங்கள் பல பத்தாண்டுகளாக நமக்குப் பயிற்சி கொடுத்தன: காரணம் கேட்காதே, கெடுவுக்குள் செய், இல்லையேல் விளைவு. திருடன் அந்தப் பயிற்சியின் பலனை அறுவடை செய்கிறான். பாதுகாப்பு எச்சரிக்கைகளும் இதே தொனியில் வருகின்றன என்பதை யாரும் கவனிப்பதில்லை. கீழ்ப்படியாதே என்பதையும் உத்தரவாகவே சொல்லத் தெரிகிறது.

இனி, பொறுப்பு யாருடையது? நான் சொன்ன நண்பரிடம் அவருடைய வங்கியில் சொன்னது ஒரே வாக்கியம்: "நீங்களேதான் அனுப்பியிருக்கிறீர்கள்." ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் பிழையில்லாமல் மூன்றாமவரால் பணம் பறிபோய், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அவருக்கு நஷ்டமில்லை என்றது. ரகசிய எண்ணைத் தானே கொடுத்துவிட்டவர், புகார் செய்யும் வரையிலான நஷ்டம் முழுவதையும் ஏற்க வேண்டும் என்றது. அதன் தலைப்பே அங்கீகாரமில்லாத பரிவர்த்தனைகள் பற்றியதுதான். பயந்த கை தானே அனுப்பியதைப் பற்றியதல்ல. பிரிட்டனில் வேறு மாதிரி யோசித்தார்கள். 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டுப் பணமாற்றத்தில் ஏமாற்றப்பட்டு ஒருவர் தாமே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் பாதிப்பாதி ஏற்க வேண்டும். வாடிக்கையாளரின் அப்பட்டமான அசிரத்தைக்கு விலக்கு உண்டு. இதன் அடியில் ஒரு தத்துவ நிலைப்பாடு இருக்கிறது: பொய்யான உலகத்துக்குள் நிறுத்தி வாங்கப்பட்ட சம்மதம் முழுச் சம்மதமாகாது.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனாலும் இதோடு நிறுத்த மனம் வரவில்லை. அனுப்பியது அவர் அல்ல, அவருடைய பயம்தான் என்று சொல்லிவிட்டால் அவரை இரண்டாம் முறை பறித்தவர்களாகிறோம். முன்பு பணத்தை, இப்போது செயலை. செயல் அவருடையதே. பயம் அன்று காலையில் பிறந்ததல்ல. பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் வளர்க்கப்பட்டது. வளர்த்தவர்களுக்குப் பங்கு உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனெனில் செயல் அவருடையதாக இருப்பதால்தான் அதைச் செய்யாமலிருப்பதும் அவர் வசத்தில் இருக்கிறது. திருடனுக்கு நம் சம்மதம் தேவைப்படுகிறது என்பது நம் பலவீனமல்ல, அவனுடையது.

எல்லாரையும் சந்தேகிக்கச் சொன்னால் நம்பிக்கை என்ற மதிப்பீடே அழிந்துவிடாதா என்று கேட்கலாம். நம்பிக்கையும் கீழ்ப்படிதலும் ஒன்று என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. நம்பிக்கைக்கு இடமுள்ள உறவில் கேள்வி கேட்கலாம். கேட்டால் மற்றவர் காத்திருப்பார். 'நாளை நேரில் வருகிறேன்' என்றால் உண்மையான வங்கி அதிகாரிக்கு நஷ்டமில்லை. 'என் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்றால் உண்மையான போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓடமாட்டார். அவகாசத்தையும் மூன்றாவது மனிதரையும் தாங்க முடியாத குரல் எதுவோ அதற்கு நாம் கடன்பட்டிருக்கவில்லை. அது நிஜமான இலாகாவின் குரலாகவே இருந்தாலும்.

இந்தத் திராணியை அறுபது வயதுக்கு மேல் ஒரு சுவரொட்டியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. 'ஏன்' என்று மகன் தகப்பனிடமும், மாணவன் ஆசிரியரிடமும், குமாஸ்தா மேலதிகாரியிடமும் கேட்டு, அதற்காக மரியாதை கெட்டவன் என்று பெயர் வாங்காமலிருக்கும் இடங்கள் எத்தனை நம்மிடம் இருக்கின்றன? நம் சிறு பத்திரிகை வட்டத்தில்கூட, மூத்த விமர்சகர் ஒருவர் ஒரு கவிதையைக் குப்பை என்று சொல்லிவிட்டால் அதைத் திரும்ப எடுத்து வாசிப்பவர்கள் எத்தனை பேர்? வங்கிக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லத் தோன்றும். சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு போன் முன்னால் நிற்கும் பழக்கம் இங்கெல்லாம்தான் உருவாகிறது.