அடியா, ஆதியா?

திருவண்ணாமலையில் மலையை வலம் வருவோர் நடக்கும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அப்பாதையில், பெருங்கோயிலுக்கு மறுபுறமாக, மலையின் மேற்கே இருக்கும் சிற்றூர் அடி அண்ணாமலை. ஊருக்குப் பெயர் அடி. அங்குள்ள கோயிலையோ ஆதி அண்ணாமலையார் கோயில் என்றும் வழங்குகின்றனர். ‘ஆதி என்னும் வடசொல்லே பாமரர் வாயில் அடி எனச் சிதைந்தது’ என்பார் ஒருவர். ‘மலையடியில் இருப்பதால் அடி; வடமொழிப் பற்றாளரே அதனை ஆதி எனத் திரித்தனர்’ என்பார் மற்றொருவர். இருவர் குரலிலும் சினம் சற்று மிகுதி. ஒரு சிற்றூரின் பெயருக்கு இத்துணைச் சினம் எதற்கு என்று நாம் வியப்பதுண்டு. அச்சினம் ஒருகாலத்தில் நம்மிடமும் இருந்ததே என்று நாணுவதும் உண்டு.

அடி என்பது பாதத்தை மட்டுமா குறிக்கிறது? அடிநாள் என்றால் தொடக்க நாள். மரத்துக்கும் அடி உண்டு; பாட்டின் வரியும் அடி; பிள்ளைப் பருவத்தில் நாம் வாங்கியதும் அடியே.

அவ்வூரில் மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. திருவெம்பாவையை அவர் பாடியது இத்தலத்தில் என்பது மரபு. கிறித்தவப் போதகரான ஜி. யூ. போப் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்டார்; ஆதலால் ஒரு பங்குக்குரு அதனைப் புரட்டுவது புதுமையன்று. இருபது பாடல்களில் முதலாவது, ஆதி என்னும் சொல்லோடு தொடங்குகிறது. பதினெட்டாம் பாடலில் அண்ணாமலையானின் அடி வருகிறது. இறுதிப் பாடலிலோ இறைவனின் பாதத்தையே ஆதி என்று போற்றுகிறார் அடிகளார். நாம் இரண்டாகப் பிரித்து வழக்காடுவதை அவர் ஒன்றாகக் கண்டு வணங்கிவிட்டார்.

சொல்லைத் திருத்தும் வேட்கை நம் திருச்சபைக்கும் பழகியதே. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சான காலத்தில் நம் செபங்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் கலந்திருந்தன. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகரின் வழியில் வடசொற்கள் பெருகின. பின்னர் ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பூசை திருப்பலியாயிற்று. 1995இல் பொது மொழிபெயர்ப்பு திருவிவிலியம் என்னும் பெயரோடு வெளிவந்தது. நல்ல தமிழ் நமக்கு உவப்பே. ஆயினும் ஒரு சொல்லின்மேல் உரிமை யாருக்கு? அதன் பிறப்பை அறிந்தவருக்கா, அதைச் சொல்லி அழுதவருக்கா? புதுச்சொல்லைக் கற்பிப்பது குற்றமன்று; பழஞ்சொல்லைப் பிழை என்பது வேறு.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், செபமாலையில் ‘பிரியதத்தம்’ என்று சொன்ன மூதாட்டி ஒருவரை நிறுத்தி, “பாட்டி, இனி அருள் என்று சொல்லுங்கள்” என்றோம்.

“எங்க ஆத்தா சொல்லிக் குடுத்தது சாமி. தப்புங்களா?” என்றார்.

தவறுதான் என்றோம். இறையியல் பயின்ற இறுமாப்பு! அவர் கீழ்ப்படிந்து புதுச்சொல்லை முயன்றார், தடுமாறினார். அடுத்தடுத்த நாள்களில் அவர் குரல் கேட்கவில்லை. மணிகள் மட்டும் நகர்ந்தன.

சில மாதங்கள் கழித்து நோயில்பூசுதலுக்கு அழைத்தனர். நாம் புதிய செபத்தைத் தொடங்கினோம். அவர் உதடு அசையவில்லை. மகள் நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, பழைய சொற்களில் தொடங்கினார். கிழவியின் குரல் எழுந்தது. செபம் முழுவதையும் தடையின்றிச் சொன்னார். நாமும் உடன் சொல்ல முயன்றோம். பாதிச் சொற்கள் நமக்குத் தெரியவில்லை.