கருவி காணாததற்குப் பொறுப்பு யார்?

உடலினின்று எடுத்த திசுவை மெல்லியதாய்ச் சீவி, சாயமேற்றி, ஸ்லைடு என்னும் கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்ணோக்கியில் நோயைக் கண்டறிவது நெடுநாள் மரபு. இன்று அத்தகட்டை ஸ்கேனர் படமெடுக்க, நோயியல் மருத்துவர் அதைக் கணினித் திரையில் ஆராய்கிறார். முதன்மை நோயறிதலுக்கு இத்தகைய கருவியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலில் 2017-இல் அனுமதித்தது.

தொலைவிலுள்ள வல்லுநரின் கருத்தை விரைவில் பெறலாம் என்பது பெரும் பேறே. ஆயினும் தடைகள் பல. ஒரு தகட்டின் படமே ஒரு கிகாபைட்டைத் தாண்டக்கூடும். சேமிப்பகமும் இணைப்பும் திணறும். இவை பொருட்செலவால் தீர்பவை. வேறொரு தடை அவ்வாறு தீராது. திசு மடிந்திருந்தால் படம் மங்கும். சாயம் வெளிறிய சிறு துணுக்கையோ கருவி திசுவென்றே அறியாமல் விட்டுவிடக்கூடும். மங்கிய படம் தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும். விடுபட்ட துணுக்கு மௌனமாயிருக்கும். திரையில் இல்லாததை மருத்துவர் எங்ஙனம் தேடுவார்?

தகட்டையும் படத்தையும் ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்கு வழி. கருவியை ஏற்குமுன் குறைந்தது 60 நேர்வுகளை இரு முறைகளிலும், இரு வார இடைவெளியேனும் விட்டுப் பார்க்குமாறு அமெரிக்க நோயியலார் கல்லூரி 2013-இல் நெறி வகுத்தது. முதல் முடிவின் நினைவு இரண்டாவதை வழிநடத்தலாகாது என்பதற்கே அவ்விடைவெளி.

வேலை குவியும் நாளில் முதலில் கைவிடப்படுவது இத்தகைய ஒப்பீடே. "கருவி விட்டுவிட்டது" என்பது காரணமாகலாம்; பொறுப்பினின்று விடுதலையாகாது. கருவிக்குக் கடமை தெரியாது. ஒவ்வொரு தகட்டுக்கும் பின்னே முடிவுக்காகக் காத்திருக்கும் மனிதரை அறிந்தவர் நாமே.