தொப்பியைக் கழற்றினால் உன் பேர் என்ன?

தியானத்துக்கு: ஆதியாகமம் 27, 32 அதிகாரங்கள், யோவான் 4-ம் அதிகாரம்

 

இந்த மாதம் ஒரு மதுக்கடையைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்காமல் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ஜெபத்துக்கு எழுந்தபோது போன் அடித்தது. நம் சபைக்கு வந்துகொண்டிருந்து, வேலைக்காக அமெரிக்காவிலே டெக்ஸாஸ் மாகாணத்துக்குப் போன ஒரு தம்பி. நம் பத்திரிகையின் பின்பக்கத்து நம்பரைப் பார்த்துப் பேசினார்.

"பாஸ்டர், ஒரு காரியத்தை அறிக்கை பண்ணணும். கூட வேலை செய்றவங்க கூப்பிட்டாங்கன்னு ஒரு பாருக்குப் போயிட்டேன்" என்றார்.

அது கௌபாய் பாராம். குதிரையேறி மாடு மேய்க்கிற அந்த நாட்டு மாட்டுக்காரனுக்குத்தான் கௌபாய் என்று பேர். கடை முழுக்க அந்த வேஷம். மரச் சுவர், அகலமான தொப்பி, தோல் பூட்ஸ், வரிசையாக நின்று ஆடுகிற நடனம். நடுவிலே மின்சாரத்தில் துள்ளுகிற இயந்திரக் காளை. காசு கொடுத்து ஏற வேண்டும். கீழே விழுந்தால் அடிபடாமல் இருக்கச் சுற்றிலும் மெத்தை.

நான் கண்டித்துப் பேச ஆயத்தமானேன். அதற்குள் அவர் சொன்னார்: "திட்டுங்க பாஸ்டர், வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். உள்ளே போனதும் ஒருத்தர் என் தலையிலே தொப்பியை வச்சு, உன் பேர் என்னன்னு கேட்டார். அவருக்குச் சொல்ல வரலே. ரெண்டு மூணு தடவை கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகினார். நம்ம சபையிலே நான் ரெண்டு வருஷம் கடைசி வரிசையிலே உக்காந்திருந்தேன். ஒருத்தரும் என் பேரைக் கேக்கலே. நீங்ககூட தம்பி, தம்பின்னுதான் கூப்பிடுவீங்க."

பிரியமானவர்களே, போனைப் பிடித்தபடி நின்றேன். மெய்யாகவே அவர் பேர் எனக்குத் தெரியவில்லை.

பகலில் ஹெல்மெட், ராத்திரியில் தொப்பி

இப்படிப்பட்ட கடைகளுக்கெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்த ஒரு கடை உண்டு. டெக்ஸாஸிலே ஹூஸ்டன் பட்டணத்தை அடுத்த பாசடீனா என்ற ஊரில், மிக்கி கில்லி என்ற பாடகரும் ஷெர்வுட் கிரையர் என்பவரும் சேர்ந்து 1971-ல் தொடங்கிய 'கில்லீஸ்'. அந்த ஊரைச் சுற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். பகலெல்லாம் ஹெல்மெட் போட்டு, புகையிலும் உஷ்ணத்திலும் வேலை செய்தவர்கள் ராத்திரியானால் கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு அங்கே போவார்கள். அவர்களில் பலர் மாடு மேய்த்தவர்கள் அல்ல. குழாயையும் வால்வையும் பார்க்கிற தொழிலாளிகள்.

1978-ல் 'எஸ்குவயர்' பத்திரிகை இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அதை வைத்து 1980-ல் ஜான் டிரவோல்டா நடித்த 'அர்பன் கௌபாய்' சினிமா வந்தது. உடனே தேசமெங்கும் தொப்பியும் பூட்ஸும் இயந்திரக் காளையும் பரவின. மாட்டுக்கொட்டகையை எட்டிப் பார்க்காத பட்டணத்து ஜனங்களும் ராத்திரிக்கு மட்டும் கௌபாய் ஆனார்கள்.

ஏன் போனார்கள்? குடிக்க மட்டுமா? குடிக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே குடிக்கலாமே. ஆலையிலே அவன் ஒரு நம்பர். கடையிலே அவன் ஒரு ஆள். அவன் வருகிறதைப் பார்த்துக் கை அசைக்க நாலு பேர் உண்டு. காளை மேல் ஏறினால் கைதட்ட ஒரு கூட்டம் உண்டு. சமாரியா ஸ்திரீ குடத்தோடு வந்தபோது ஆண்டவர் அவள் தாகத்தைப் பரிகாசம் பண்ணவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் மறுபடியும் தாகத்தைக் கொண்டுவரும் என்றுதான் சொன்னார். தாகம் மெய், கிணறுதான் தப்பு.

எட்டு வினாடி

மெய்யான ரோடியோ விளையாட்டிலே காளை மேல் ஒரு கையால் பிடித்து 8 வினாடி தாங்க வேண்டும். அந்தக் காளைக்கு உயிர் இருக்கிறது, கொம்பு இருக்கிறது. பாரிலே உள்ள காளைக்கு ஒரு சுவிட்சுதான் இருக்கிறது. அதை ஓரமாய் நிற்கிறவன் பிடித்திருக்கிறான். எவ்வளவு வேகம், எப்போது விழ வேண்டும் என்பதெல்லாம் அவன் கையிலே. ஏறினவனோ, தான் ஓட்டுகிறதாக நினைக்கிறான்!

குடியும் அப்படித்தான் அல்லவா? முதல் நாள் "நான் கன்ட்ரோலா குடிக்கிறேன்" என்கிறான். சுவிட்ச் யார் கையில் என்று தெரிகிற அன்றைக்கு மனைவியின் தாலி அடகுக் கடையில் இருக்கிறது. கீழே மெத்தையும் இல்லை. நீதிமொழிகள் 23-ம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வாசித்துப் பாருங்கள். அடிபட்டவன் வலி தெரியாமல் கிடந்து, எழுந்ததும் மறுபடியும் அதையே தேடிப் போகிற கோலத்தை ஞானி எழுதியிருக்கிறார்.

நம் தம்பியும் ஏறினாராம். நாலு வினாடியில் விழுந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த ஆள் ஏறினதும் எல்லார் முகமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. "ரூமுக்கு வந்து தொப்பியைக் கட்டில் மேலே வச்சேன் பாஸ்டர். அதைப் பாத்துட்டே அழுதேன்" என்றார்.

அண்ணன் உடையில் ஒரு தம்பி

வேதத்திலும் ஒருவன் வேஷம் போட்டான். யாக்கோபு தன் அண்ணனுடைய வஸ்திரத்தை உடுத்திக்கொண்டு, கையிலே ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு தகப்பன் முன் நின்றான். நீ யார் என்று கேட்டபோது, நான் ஏசா என்றான். ஆசீர்வாதம் கிடைத்தது, ஆனால் வீடு போயிற்று. லாபானிடத்தில் 20 வருஷம் பாடுபட்டு, திரும்பும் வழியில் யாப்போக்கு ஆற்றங்கரையிலே தேவன் அவனைப் பிடித்தார். விடியற்காலையில் அவர் கேட்டது என்ன? உன் பேர் என்ன என்பதே!

அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவன் வாயாலே வரவேண்டும். ஏசா என்று பொய் சொன்ன அதே வாய், நான் யாக்கோபு என்று அறிக்கையிட்டது. அப்போதுதான் அவனுக்குப் புதுப் பேர் கிடைத்தது. மதுக்கடை பேரைக் கேட்டுத் தொப்பியை மாட்டுகிறது. ஆண்டவர் பேரைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றுகிறார். அல்லேலூயா!

பிரசங்க பீடத்துக்கும் ஒரு வார்த்தை

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கடை வைத்த மிக்கி கில்லி, உலகமெங்கும் அறியப்பட்ட பெந்தெகொஸ்தே பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட்டின் உறவுக்காரர். பாடகர் ஜெர்ரி லீ லூயிஸும் அதே குடும்பம். மூவரும் லூசியானாவில் ஃபெரிடே என்ற சிறிய ஊரில் பியானோ வாசித்து வளர்ந்தவர்கள். ஒருவர் கடை வைத்தார், ஒருவர் மேடையேறினார், ஒருவர் பிரசங்கித்தார்.

பிரசங்கி தப்பினார், மற்றவர்கள் விழுந்தார்கள் என்று முடிக்கலாமா? முடியாது. 1988-ல் ஸ்வாகர்ட் தம் பாவத்தைச் சபைக்கு முன்பாக அழுது அறிக்கையிட்டார். அசெம்பிளீஸ் ஆஃப் காட் அவருடைய ஊழிய அங்கீகாரத்தை ரத்து செய்தது. கில்லிக்கும் கிரையருக்கும் நடுவே வழக்காயிற்று. 1989-ல் கடை மூடப்பட்டது, 1990-ல் தீக்கிரையானது. லூயிஸும் கில்லியும் 2022-ல் மரித்தார்கள், ஸ்வாகர்ட் 2025-ல் மரித்தார். பிரசங்கி போடுகிற வெள்ளை உடையும் ஒரு தொப்பியாகிவிடலாம். எனக்குத்தான் முதலாவது சொல்லிக்கொள்கிறேன்.

நம் வாசலில் யார் நிற்கிறார்?

சாராய வாடையோடு ஒருவன் நம் ஆராதனைக்கு வந்தால் என்ன செய்கிறோம்? தள்ளி உட்காருகிறோம், பிள்ளையை இழுத்துக்கொள்கிறோம். மதுக்கடைக்காரன் காசுக்காகப் பேர் கேட்கிறான். இரத்தம் சிந்தி மீட்கப்பட்ட நாம் சும்மாவாவது கேட்கக் கூடாதா?

வீட்டிலே குடிக்கிற புருஷனோடு போராடுகிற சகோதரியே, உன் கண்ணீரைக் கர்த்தர் அறிவார். குடியை நியாயப்படுத்தாதே, அடியைச் சகித்துக்கொண்டிருக்காதே. சபைக்குச் சொல், நாங்கள் வருவோம். ஆனாலும் அவர் தெளிவாய் இருக்கிற ஒரு வேளையில் அவருடைய தாகம் எது என்று கேட்டுப்பார்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒருவரும் உடனே கிளம்ப வேண்டாம். உங்களுக்குத் தெரியாத ஒருவரிடம் போய்ப் பேரைக் கேளுங்கள். வீட்டுக்குப் போய் அந்தப் பேரைச் சொல்லி ஜெபியுங்கள்.

அந்தத் தம்பியின் பேர் இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. என் ஜெப நோட்டில் எழுதியிருக்கிறேன். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் போனிலேயே ஜெபித்தோம். அங்கே ஒரு ஐக்கியத்தில் அவரைச் சேர்த்துவிட ஏற்பாடு செய்திருக்கிறேன். அங்குள்ள சகோதரரிடம் நான் சொன்ன முதல் காரியமே அவருடைய பேர்தான்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் மாட்டியிருக்கிற வேஷங்களைக் கழற்றும். தாகத்தோடு தப்பான வாசலில் நிற்கிற எங்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லி அழையும். எங்கள் வாசலைத் திறந்து வைக்க எங்களுக்கு இருதயம் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்