நிக்குதா, போவுதா?

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மாலை ஏழு மணி இருக்கும். லோக்கல் வந்து கூட்டம் இறங்கிய நேரம். வேப்பம்பட்டு ஸ்டேஷன் தெருவில் ஆட்டோக்களுக்கும் பூக்கடைக்கும் நடுவே என் காரை நடை வேகத்தில் ஓட்டி வந்தேன். தோளில் கனத்த பையும் கையில் வெள்ளைக் கோலுமாக ஒருவர் குறுக்கே காலெடுத்து வைத்தார். பிரேக்கை மிதித்துவிட்டேன். கோலின் நுனி பம்பரில் பட்ட பிறகுதான் எதிரே ஒரு வண்டி இருப்பதே அவருக்குத் தெரிந்தது. கையை நீட்டி பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“வண்டி நிக்குதா, போவுதா?”

“நிக்குதுங்க” என்றேன். கண்ணாடி ஏற்றியிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டார். நான் கண்ணாடியை இறக்குவதற்குள் பூக்காரம்மா எழுந்து வந்து, அவர் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போய்விட்டார். பின்னால் ஹாரன் சத்தம். நானும் நகர்ந்துவிட்டேன்.

யாருக்கும் அடிபடவில்லை. நடந்தது இவ்வளவுதான். மூன்று மாதம் ஆகிறது. அந்த உள்ளங்கை இன்னும் பானெட்டைவிட்டு எடுபடவில்லை.

பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் அந்தக் கைக்குப் பதில் கிடைத்திருக்கும். இஞ்சின் ஓடும்போது தகடு லேசாக நடுங்கும், சூடு தெரியும். கை வைப்பதற்கு நாலு எட்டு முன்பே உறுமல் சொல்லியிருக்கும். என்னுடையது எலக்ட்ரிக் கார். நிற்கும்போதும் ஊரும்போதும் அதற்கு ஒரே முகம்தான். தொட்டுப் பார்த்தும் தெரியாத ஒன்றிடம் வாய்விட்டுக் கேட்பதைத் தவிர அவர் வேறு என்ன செய்ய முடியும்?

இந்தக் காரை வாங்க மற்றவர்கள் சொல்லும் காரணங்கள் எனக்கும் இருந்தன. இரவில் வீட்டுப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் காலையில் நிறைந்திருக்கும், பெட்ரோல் பங்க் பக்கம் போக வேண்டாம். ஆனால் உள்ளுக்குள் நான் ஆசைப்பட்டது அதன் அமைதிக்குத்தான். அந்த அமைதிக்குள் உட்கார்ந்துதான் என் நாவலை இப்போது ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்துவருகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அச்சான நாவல் அது. ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையில் ரயிலில் போய்வருகிற மனிதர்களின் கதை. ஒலிப்புத்தகமாகக் கொண்டுவரலாம் என்று பதிப்பாளர் சொன்னபோது நானே படிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வீட்டுக்குள் முடியவில்லை. மின்விசிறியை நிறுத்தினால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் கேட்கும், அது நின்றால் நாய் குரைக்கும். காருக்குள் இருக்கைகளும் கூரைத் துணியும் எதிரொலியை உறிஞ்சிக்கொள்கின்றன. முன் கண்ணாடி மட்டும் குரலைத் திருப்பி அடிக்கும், அதற்கு ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். ஏ.சி. போட்டால் அந்தக் காற்று மைக்கில் இரையும். ஆகவே பதினைந்து நிமிடம் படிப்பது, கதவைத் திறந்து வியர்வையைத் துடைப்பது, மறுபடி மூடிக்கொண்டு படிப்பது. ‘ப’ வரும் இடமெல்லாம் மூச்சு மைக்கில் மோதும், முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தவறிவிட்டால் கை தட்டுவேன். பிறகு கம்ப்யூட்டர் திரையில் அந்த இடம் முள்போல் நிமிர்ந்து தெரியும், வெட்டி எடுக்க வசதி.

நடு இரவில் லோக்கல்கள் ஓய்ந்தாலும் எக்ஸ்பிரஸும் கூட்ஸும் ஓயாது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் போன பாதை இது. தூரத்தில் ஹாரன் கேட்டதும் நிறுத்திக்கொண்டு, கடைசிப் பெட்டி போய்த் தண்டவாளம் அடங்கும்வரை காத்திருப்பேன். நான் ரயிலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் ரயில் பதிவுக்குள் வரக்கூடாது.

ஏழாம் அத்தியாயத்தில், ரயிலில் கடலை மிட்டாயும் ரேஷன் கார்டு உறையும் விற்கிற பார்வையற்றவர் ஒருவர் வருகிறார். அவரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன்: “அவர் காதுக்குத் தப்பிய ஓசை இந்த லைனில் கிடையாது.” எழுதியபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன வரி. கடிதம் போட்ட வாசகர்கள் சிலரும் அதைக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை கழிந்த இரண்டாம் நாள் இரவு இந்த அத்தியாயத்துக்கு வந்தேன். வரியைப் படித்தேன், கை தட்டினேன். மறுபடி படித்தேன், தட்டினேன். அன்றைய பதிவில் பதினோரு முட்கள் இருக்கின்றன.

உச்சரிப்பில் ஒரு தவறும் இல்லை. தாளில் அந்த வரி யாரையும் பார்த்துப் பேசவில்லை. வாய்விட்டுச் சொல்லும்போது எதிரே ஒருவர் இருந்து கேட்கிறார். கேட்பவர் பானெட்டில் கை வைத்தவராகவே இருக்கலாம். அச்சுப் புத்தகம் அவரிடம் போயிருக்காது, இது போகும். ஒலிப்புத்தகம் என்ற ஒன்று உருவானதே அவரைப் போன்றவர்களை முன்வைத்துத்தான். பிரிட்டனில் 1935-இல் ‘பேசும் புத்தகங்கள்’ கிராமபோன் தட்டுகளாக வந்ததற்குப் பின்னால், முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய சிப்பாய்கள் இருந்தார்கள். பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்கள் கிடைக்கக் காப்புரிமைச் சட்டம் தடையாக இருக்கக் கூடாது என்று 2013-இல் மராக்கேஷில் ஓர் உடன்படிக்கை உருவானது. 2014-இல் அதை முதலில் ஏற்ற நாடு இந்தியா. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது, பிரெய்ல் அச்சகமும் இருக்கிறது. அந்தப் பள்ளிச் சுவரையொட்டி எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். நாவல் எழுதிய மூன்று வருடத்தில் ஒருநாளும் இறங்கி உள்ளே போய் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் பற்றி எழுதினேன். அவர் படிப்பார் என்று நினைத்து எழுதவில்லை.

என் அப்பாவுக்குக் காது மந்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் நின்ற காது அது. அவர் வைத்திருந்தது டிவிஎஸ் 50. மூன்று தெரு தள்ளி அது வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். ரேடியோவை அணைத்துப் பாடப் புத்தகத்தைப் பிரித்துவிடுவோம். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டதா என்று அப்போது யோசித்ததில்லை. சாப்பிட்டு முடித்ததும் அம்மா வாரப் பத்திரிகையின் தொடர்கதையை அவருக்குப் படித்துக் காட்டுவார். அவருக்குக் கேட்கும்படி படித்தால் தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே கதை கேட்பார்கள்.

அந்தத் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கல்லூரிக் காலத்தில் ஒன்றை எடுத்துப் படித்தேன். ஒரு தொடரில் தம்பிக்காரன் லெவல் கிராஸிங்கில் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போகிறான். அம்மா படித்ததில் அவன் பம்பாய்க்குப் போய்விட்டான். எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பாவின் தம்பி அப்படித்தான் இறந்திருந்தார். தாளில் இருந்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, குரல் உடையாமல், அம்மா வேறொரு கதையைப் படித்திருக்கிறார். அப்பா சும்மா இருக்கவில்லை. வாரா வாரம் “அந்தப் பையன்கிட்டேர்ந்து லெட்டர் வந்துச்சா?” என்று கேட்பார். அம்மா அதற்கும் ஒரு கடிதம் படிப்பார்.

அம்மா செய்தது சரியா என்று நான் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்கிறேன். அவர் யாரோ எழுதியதை மாற்றினார், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மனிதருக்காக. நான் எழுதியதை நானே மாற்றலாமா? பதிப்பாளர் மென்மையாகத்தான் சொன்னார்: “சார், புத்தகமும் குரலும் ஒத்துப்போகணும். பாத்துக்கிட்டே கேக்கறவங்க இருக்காங்க.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதியவன் தெரியாமல் எழுதினான் என்பதும் அந்தப் புத்தகத்தின் ஒரு பகுதிதான். அதை மறைக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் அந்த வரியைக் கேட்கப்போகிறவருக்கு என் பழைய அறியாமை எதற்கு உதவும்?

பாம்பே கண்ணன் ஒலிநூலாகக் கொண்டுவந்த ‘பொன்னியின் செல்வ’னைப் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிக் குரல். என் நாவலில் எல்லாருக்கும் என் குரல்தான். மிட்டாய் விற்பவருக்கும் அதுவேதான். அவருடைய வசனங்களைப் படிக்கும்போதெல்லாம் இரவல் சட்டை போட்ட கூச்சம் வருகிறது.

வேப்பம்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர். கோயில் கட்டக் காசில்லாமல், மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, கல் அடுக்கி, கிணறு தோண்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தவர். காஞ்சியில் கற்றளி கட்டிய மன்னனின் கனவில் சிவன் வந்து, அதே நாளில் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்றாராம். நம் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை வைத்திருக்கிறார். சிறு வயதில் கோயில் கதாகாலட்சேபத்தில் கேட்டபோது அந்தச் சத்தமில்லாத உளியின்மேல் எனக்குத் தீராத காதல். எழுத்தாளன் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தக் கதையில் வேறு ஆட்கள் கண்ணில் படுகிறார்கள். மன்னன் வந்து கோயில் எங்கே என்று விசாரிக்கும்போது, இங்கே அப்படி ஒன்று கிடையாது என்று சொல்கிற ஊர்க்காரர்கள். ஒரு வார்த்தைக்குத்தான் வருகிறார்கள். மனக்கோயிலுக்குள் அவர்கள் எந்த வழியாகப் போவார்கள்? பிறகு இருதயாலீஸ்வரர் என்ற பெயரில் அங்கே கல்லாலேயே கோயில் எழும்பிவிட்டது. கதவு இருக்கிறது, மணி இருக்கிறது.

ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதிய ரக எலக்ட்ரிக் கார்களும், 2021 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் எல்லா எலக்ட்ரிக் கார்களும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்வரை ஏதாவது ஒரு செயற்கை ஓசை எழுப்பியாக வேண்டும். அதற்கு மேல் டயரின் இரைச்சலே போதுமானது. இந்தியாவிலும் 2026 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கு இதைக் கட்டாயமாக்க 2025-இல் வரைவு விதி வந்தது. நான் வாங்கிய காலத்து வண்டியில் அந்த ஏற்பாடு இல்லை. இது எதுவும் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன் தெரியாது. இப்போது ஸ்டேஷன் தெருவுக்குள் நுழையும்போது நாலு கண்ணாடியையும் இறக்கி, ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன். அதனால் பயன் உண்டா என்றால், உண்டு என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அத்தனை ஆட்டோக்களின் இரைச்சலில் அன்று பெட்ரோல் காராக இருந்திருந்தாலும் அவருக்குத் தனியாகக் கேட்டிருக்குமா? இந்தக் கேள்வி சில இரவுகளில் எனக்கு ஆறுதலாக வருகிறது. ஆறுதலாக வருவதாலேயே அதை நம்பப் பயமாக இருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்துக்கு இப்போது இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்று அச்சில் உள்ளபடி. மற்றதில் அந்த வரி இல்லை, அது இருந்த இடத்தில் ஒரு மூச்சு மட்டும். மாதக் கடைசிக்குள் எது என்று சொல்ல வேண்டும். இரண்டையும் காரில் உட்கார்ந்து மாறி மாறிக் கேட்டேன். முதலாவதில் என் குரல் பொய் சொல்கிறது. இரண்டாவது, அம்மா படித்த பம்பாய்க் கடிதம்போல இருக்கிறது.

போன வாரம் பூக்காரம்மாவிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். “இந்த ஊர்ல எறங்குவாரு, எந்த வண்டின்னு சொல்ல முடியாது. வந்தா இன்னான்னு சொல்லட்டும்?” என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் நின்றேன். மன்னிப்பா, ஒரு வரியைப் பற்றிய சந்தேகமா, எது என்று எனக்கே பிடிபடவில்லை. ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.