பலகையை அளக்கலாம், படிக்கலாமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கில்பர்ட் என்றொரு ஊர். அங்கே சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சின்னத் திருச்சபை, பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் ஞாயிறு ஆராதனை நடத்தி வந்தது. சபையில் பெரியவர்கள் முப்பது பேருக்குள்தான். கூடும் இடம் மாறிக்கொண்டே இருந்ததால், சபையின் பெயர், ஆராதனை நேரம், இடம் எல்லாம் எழுதிய பதினைந்து இருபது சிறு பலகைகளைச் சனிக்கிழமை தெருமுனைகளில் நட்டு, ஞாயிறு மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள். ஊரின் பலகைச் சட்டத்துக்கு இது குற்றமாகப் பட்டது. அந்தச் சட்டம் பலகைகளை இனம் இனமாகப் பிரித்திருந்தது. கொள்கையோ கருத்தோ சொல்லும் பலகை 20 சதுர அடி வரை இருக்கலாம், கால வரம்பு கிடையாது. அரசியல் பலகை 32 சதுர அடி வரை போகலாம், தேர்தல் காலம் முழுக்க நிற்கலாம். ஒரு நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகை மட்டும் 6 சதுர அடியைத் தாண்டக் கூடாது. நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்னால்தான் நட வேண்டும், முடிந்த ஒரு மணி நேரத்தில் பிடுங்கிவிட வேண்டும். சபையின் பலகை இந்தக் கடைசி இனத்தில் சேர்க்கப்பட்டது. காலை 9 மணி ஆராதனை என்றால் முந்தின இரவு 9 மணிக்குப் பிறகுதான் பலகை நட முடியும். இருட்டில் அது யார் கண்ணிலும் படாது. நேரம் மீறியதற்காகவும் தேதி போடாததற்காகவும் ஊர் நிர்வாகம் நோட்டீஸ் கொடுத்தது, ஒரு பலகையைப் பறிமுதலும் செய்தது. வழக்கு 2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஒன்பது நீதிபதிகளும் சபைக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னார்கள்.

இதை ஒரு நகராட்சித் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. 'பலகை' என்றால் என்ன, அதில் எத்தனை வகை என்று ஒரு ஊர் எழுதி வைக்கும்போது, எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்றும் சேர்த்தே எழுதிவிடுகிறது. கில்பர்ட் ஊரின் கணக்கில் அரசியல்வாதியின் பெயருக்கு 32 சதுர அடி பெறுமானம், ஒருவரின் சித்தாந்தத்துக்கு 20, வழிபாட்டுக்கு வரச் சொல்லும் அழைப்புக்கு 6. இந்த வரிசையை யார் எந்த அளவுகோலால் தீர்மானித்தார்கள்? ஊர் அந்த அழைப்பை வெறும் வழிகாட்டியாகப் பார்த்தது. விசுவாசிக்கோ அழைப்பதே ஊழியம். அயலாரைக் கூப்பிடாத விசுவாசம் அரைகுறை விசுவாசம் என்று நினைக்கிற மரபு அது. ஆக, தெருமுனையில் நிற்கும் நகராட்சி ஊழியர் ஒரு இறையியல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவராகிறார்: இந்தப் பலகை சொல்வது கருத்தா, வழியா? அதற்கு விடை சொல்லும் தகுதி அவருக்கு இல்லை. அவர் அறிவில் குறைவு என்பதால் அல்ல, அந்தக் கேள்வியே அவர் மேசைக்கு வரக் கூடாதது என்பதால்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி க்ளேரன்ஸ் தாமஸ் சொன்னதன் சாரம் இது: பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் விதியைப் பொருத்த முடியும் என்றால், அந்த விதி பேச்சின் உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தும் விதிதான், அதை இயற்றியவர்களின் நோக்கம் நல்லதா கெட்டதா என்பது இங்கே பொருட்டல்ல. முடிவோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அந்த முடிவு அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தின் மேல் நிற்கிறது, அந்தத் திருத்தம் இல்லாத நாடுகளுக்கு அந்த அடித்தளம் உதவாது. எல்லா ஊருக்கும் பொருந்தும் அடித்தளம் வேறு ஒன்று உண்டு. அதைக் காண இன்னும் முந்திய கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும்: பிறர் எழுதி வைக்கும் பலகையின் மேல் ஒரு ஊருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? புத்தகத்தின் மேல் அந்த அதிகாரம் இல்லையே. பிடிக்காத புத்தகத்தை நான் திறக்காமல் இருந்துவிடலாம். தெருவில் நடக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. வண்டி ஓட்டுகிறவர் கண்ணைத் திறந்து வைத்தே ஆக வேண்டும். எதிர்ப்படுவதெல்லாம் அவர் அனுமதி கேளாமல் கண்ணுக்குள் வந்துவிடும். கண்ணுக்கு இந்தத் தப்ப முடியாத நிலை இருப்பதால்தான் ஊர் தலையிட வேண்டியிருக்கிறது. அப்படியானால் அதிகாரம் எதிலிருந்து பிறந்ததோ அதுவே அதன் எல்லையும் ஆகும். கண் படும் பாடு எதுவோ அதை ஊர் கட்டுப்படுத்தலாம்: அளவு, உயரம், வெளிச்சம், அசைவு, எண்ணிக்கை, எத்தனை நாள் நிற்கிறது, எவ்வளவு உறுதியாக நிற்கிறது. கண்ணைத் தாண்டி மனத்துக்குள் நுழைந்தபின் அந்தச் சொல் என்ன செய்கிறது என்பது ஊரின் கணக்கில் வராது.

காதின் விஷயத்தில் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இந்த இடத்துக்கே வந்திருக்கிறது. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் எதிர்த்துப் பக்கத்துக் குடியிருப்பின் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. என்ன பாட்டு, எந்தக் கடவுளுக்கு என்று பார்த்து அந்த வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று ஒலி மாசு விதிகளில் எழுதியிருக்கிறது. அந்த அளவு மசூதிக்கும் கோயிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒன்றுதான். இவ்வளவே போதுமானது. ஆனால் தீர்ப்பு இன்னொரு அடி எடுத்து வைத்து, பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்றும் சொன்னது. அந்த வாக்கியம் தேவையற்றது என்பது என் எண்ணம். நாளைக்கே ஒரு மதத்தின் நூலில் அப்படி ஒரு விதி இருப்பதாகக் காட்டிவிட்டால் 55 டெசிபல் 85 ஆகிவிடுமா? ஆகாது, ஆகவும் கூடாது. மதம் என்ன விதிக்கிறது என்று தேடிப் போனது, அளவுமானி தந்த உறுதியான தரையை விட்டு இறங்கியதுதான்.

நம் ஊர் பேனர் விவகாரமும் இதையே காட்டுகிறது. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒருவர், உயிரோடு இருப்பவர்களின் படங்களைப் பேனரிலும் கட்அவுட்டிலும் போடக் கூடாது என்று உத்தரவிட்டார். ஆள்துதியின் மேல் அவருக்கிருந்த சலிப்பு எல்லோருக்கும் புரியும். ஆனாலும் அது பலகையைப் படித்துப் போட்ட தடை. மறைந்த தலைவரின் படம் போட்ட ப்ளெக்ஸும் அதே சவுக்குக் கம்பில்தான் கட்டப்படுகிறது, அதே நடைபாதையைத்தான் அடைக்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், சாலை நடுவே கட்டியிருந்த கல்யாணப் பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன இளம் பெண் பொறியாளர் மேல் சரிந்தது. கீழே விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. காற்று எழுத்தைப் படித்துவிட்டுத் தள்ளுவதில்லை. அந்தச் சாலையில் யார் படமும் இருந்திருக்கக் கூடாது, எந்த வாசகமும் இருந்திருக்கக் கூடாது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கக்கூடிய விதி, பேனரின் எடையையும் கட்டையும் இடத்தையும் பார்க்கிற விதிதான்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. கில்பர்ட் வழக்கிலேயே நீதிபதி எலெனா கேகன் அதைச் சொன்னார். அந்த ஊரின் விதிகளுக்கு எந்த நியாயமும் இல்லை என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் படித்தாலே குற்றம் என்ற அளவுக்குப் போனால், மறைவான வீட்டு வாசலை எச்சரிக்கும் பலகைக்கும் வரலாற்றுச் சின்னத்தைக் காட்டும் பலகைக்கும் ஊர்கள் கொடுத்திருக்கும் நல்ல விலக்குகளும் சேர்ந்து அடிபடும் என்று அவர் கவலைப்பட்டார். கவலை நியாயமானது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றைப் படிக்காமலே காப்பாற்ற முடியும். சாலைக்கு மறைந்திருக்கும் ஒவ்வொரு வாசலிலும் இன்ன அளவில் ஒரு பலகை வைக்கலாம் என்று விதி செய்தால் போதும். இடத்தைப் பார்த்துக் கொடுக்கும் அனுமதி அது. வீட்டுக்காரர் அங்கே எச்சரிக்கையை எழுதாமல் வேறெதையோ எழுதிவிட்டால்? எழுதட்டும், சொந்த வாசலில் மோதலை விரும்பும் வீட்டுக்காரர் அரிது. வரலாற்றுச் சின்னத்தைக் காட்ட வேண்டுமானால் ஊர் தன் பெயரிலேயே பலகை வைக்கலாம். ஊர் தானே பேசுவது வேறு, பிறர் பேச்சுக்கு மதிப்பெண் போடுவது வேறு.

படிக்காமல் தீராத இடம் ஒன்றும் இருக்கிறது. டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம், கடை இருக்கும் இடத்திலேயே அந்தக் கடையைச் சொல்லும் பலகையை ஒருவிதமாகவும், வேறெங்கோ இருக்கும் கடையைச் சொல்லும் பலகையை இன்னொருவிதமாகவும் நடத்தியது. முதல் வகையை டிஜிட்டல் திரையாக மாற்றலாம், இரண்டாவதை மாற்றக் கூடாது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இதை ஏற்றது. இடத்தைத் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் படிப்பது உள்ளடக்கத்தைத் தண்டிப்பதாகாது என்றது பெரும்பான்மை. தாமஸ் மாறுபட்டு எழுதினார். ஒரு கத்தோலிக்கப் புத்தகக் கடையின் வாசலை அவர் உதாரணம் காட்டினார். புத்தகம் வாங்கச் சொன்னால் அது உள்ளூர்ப் பலகை, புனித பூமிக்குப் போகச் சொன்னால் வெளியூர்ப் பலகை. பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னால்? அந்தக் கடைக்குள் குருவானவர் யாராவது பாவசங்கீர்த்தனம் கேட்பதுண்டா என்று அதிகாரி விசாரித்தாக வேண்டும். இந்த உதாரணத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கடைக்கும் விளம்பரத்துக்கும் நடுவே போட்ட கோடு, மனிதருக்கும் மோட்சத்துக்கும் நடுவே எப்படிப் போகும்? ஆஸ்டினுக்கு வேண்டியிருந்தது வண்டி ஓட்டுகிறவரின் கவனம் சிதறாமல் இருப்பது. அதற்குத் திரையின் பிரகாசத்தையும், ஒரு படம் எத்தனை விநாடி நிலைத்து நிற்க வேண்டும் என்பதையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரையறுத்திருந்தால் முடிந்திருக்கும். திரை யாருடையது என்பதால் கண் கூசுவது குறைவதில்லை.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. ஜெபமும் சோப்பு விளம்பரமும் ஒன்றா, வியாபாரப் பலகையைத் தனியாகக் கட்டுப்படுத்துவதில் என்ன தவறு என்று கேட்பார்கள். இதைத் துணிந்து செய்து காட்டிய நகரம் பிரேசிலின் சாவோ பாவ்லோ. மேயர் ஜில்பெர்டோ கஸாப் கொண்டுவந்த 'தூய நகரம்' சட்டம் 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான ஹோர்டிங்குகள் கழற்றப்பட்டன. பலகைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த பழைய முகப்புகளும் குடிசைப் பகுதிகளும் வெளியே தெரிந்தன. கடையின் பெயர்ப் பலகைக்கு அந்தச் சட்டம் வைத்த அளவை நான் மிகவும் மதிக்கிறேன்: முகப்பு 10 மீட்டருக்குக் குறைவென்றால் ஒன்றரை சதுர மீட்டர், 10 முதல் 100 மீட்டர் வரை என்றால் 4 சதுர மீட்டர். அங்கே முகப்பின் நீளம்தான் பேசுகிறது, விற்கும் சரக்கு இல்லை. ஆனால் விளம்பரத்துக்கு மட்டுமான தடை அதே உறுதியோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளில் நகரமே பேருந்து நிழற்குடைகளிலும் தெருக் கடிகாரங்களிலும் விளம்பரம் வைக்க ஒப்பந்தம் கொடுத்தது. கண்ணைக் காக்கிறேன் என்று வந்த காவலர் அந்தக் கண்ணையே விலைக்கு விட்டார். விளம்பரம் கெட்டது என்று அதன் சொல்லைப் பார்த்துத் தடுக்கும்போது இதற்கு வாசல் திறந்துவிடுகிறது. கெட்டது என்று தீர்மானித்த கை, இது மட்டும் நல்லது என்றும் தீர்மானிக்கும். அளவைப் பார்த்துத் தடுத்திருந்தால் அந்த விதி நகரத்தையும் சேர்த்தே கட்டியிருக்கும்.

மொழி விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் வளைய வேண்டியிருக்கிறது. கடைப் பலகையில் தமிழ் முதலில் பெரிதாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விதிகள் கேட்கின்றன. பலகையைப் படிக்காமல் இதை அமல்படுத்த முடியாது. கனடாவின் கியூபெக் மாகாணம் பிரெஞ்சு மட்டுமே இருக்க வேண்டும் என்று கேட்டது. 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஆனால் பிரெஞ்சு மேலோங்கி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் நியாயப்படுத்தலாம் என்றும் சொன்னது. அந்த வேறுபாடு எனக்குப் போதும். ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்வது தெருவில் நடக்கிற எல்லோருக்கும் பலகை புரிய வேண்டும் என்ற பொது நலத்துக்காக; ஒரு சொல்லை அழிக்கச் சொல்வது அதைச் சொல்கிறவரை ஒதுக்குவது. இதில் முன்னதற்கு இடம் கொடுத்தாலும் என் அடிப்படை குலைவதாக நான் நினைக்கவில்லை, என்றாலும் அது விதிவிலக்கு என்பதை மறைக்கவும் மாட்டேன்.

கடைசியாக, இந்த வாதத்தை வரவேற்கும் விசுவாசிகள் அதன் மறுபக்கத்தையும் ஏற்க வேண்டும். சபைக்கு அரசியல்வாதியைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்றால், அடகுக் கடையைவிட அதிகமாகவும் கேட்க முடியாது. கோயில் திருவிழாவின் சீரியல் விளக்கு வளைவுக்கும் தேவாலயத்தின் ஒளிரும் சிலுவைக்கும் நகைக்கடையின் திரைக்கும் அளவுகோல் ஒன்றுதான். கில்பர்ட் தீர்ப்பிலேயே இந்தக் கடினம் இருக்கிறது: எல்லோருக்கும் சமமாகச் செய்வதானால் பொது இடத்தில் பலகைகளை ஊர் பெருமளவுக்குத் தடை செய்துவிடலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. அப்படித் தடை வந்தால் மிகவும் அடிபடுவது சொந்தக் கட்டடம் இல்லாத அந்தச் சபை போன்றவர்கள்தான். ஆகவே சமம் மட்டும் போதாது, ஒரு கீழ்வரம்பும் வேண்டும். அதற்கும் ஒரு வழக்கு வழிகாட்டுகிறது. மிசௌரி மாநிலத்தில் லடூ என்ற ஊர் வீடுகளில் பலகை வைப்பதை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்திருந்தது; வளைகுடாவில் அமைதி வேண்டும் என்று எட்டரைக்குப் பதினொரு அங்குலத் தாளில் எழுதி மாடி ஜன்னலில் ஒட்டிய பெண்மணியை அது தடுக்க முடியாது என்று 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பணம் இல்லாதவருக்கும் கைக்கெட்டும் ஊடகம் அது ஒன்றுதான், அதற்கு மாற்றுக் கிடையாது என்பது முக்கியக் காரணம். அந்த அளவு தாளும், சொந்தச் சுவர் இல்லாதவர்களுக்குத் தெருமுனையில் 6 சதுர அடியும், பகலில் பார்க்கக் கிடைக்கும் சில மணி நேரமும் எந்த ஊரின் விதியிலும் எழுதப்பட வேண்டும், அதில் யார் எதை எழுதப் போகிறார்கள் என்று கேட்காமல்.