மறைத்தலும் பொய்த்தலும்

சத்திர சிகிச்சைக்குரிய நாள் அணுகுங்கால், இளமகவை நோக்கி 'நோவாது' எனப் பெற்றோர் கூறுதல் அறமாமோ? மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்னரே உணவும் ஆவின்பாலும் விலக்கப்படும்; வயிற்றிலுள்ளது மேலெழுந்து மூச்சுக்குழலிற் புகாமைப்பொருட்டென்க. பசித்தழும் மகவுக்குத் தாய் பால் மறுத்தல் மறக்கருணையேயாம், அதில் ஐயமின்று.

பொய்யுரைத்தலோ அன்னதன்று. திரோதான சத்தி மலபரிபாகத்தின்பொருட்டு உயிர்க்கு உண்மையை மறைத்து நிற்கும். ஆகலின் அம்மறைப்பும் அருளே என்பது சித்தாந்தத் துணிபு. கத்தியையும் குருதியையும் மகவுக்கு விரித்துரையாமை அவ்வகைத்து. 'நோவாது' என்றலோ மறைத்தலன்று, பொய்த்தலாம். விழித்தெழுந்து நொந்தவழி அம்மகவு தாயையே ஐயுறும். பின்னர் மருந்தை எவர் கையிற் பெற்றுண்ணும்?

ஆதலின், 'சிறிது நோகும். பின்னர்த் தணியும்' எனப் பக்குவமறிந்து உரைத்தலே தக்கதென்பது எம் கருத்து. உடனிருப்பேம் எனின் இருத்தல் வேண்டும். இயலாதவிடத்து அதுவும் கூறற்க.